ஒரு -1 வெளியீட்டை நிறுத்திவிடாது
அப்பாச்சி அறக்கட்டளையின் திறமூல மென்பொருள் திட்டங்களில் யாராவது ஒருவர் -1 (எதிர்ப்பு வாக்கு) போட்டாலே மென்பொருளின் புதிய வெளியீடு நின்றுவிடும் என்று சிலர் எழுதியும் பகிர்ந்தும் வருகிறார்கள். விதி அப்படி இல்லைங்க. -1 தடையாக நிற்பது நிரலில் செய்யும் மாற்றங்களுக்குத்தான், அதுவும் வாக்குரிமை உள்ளவர் தொழில்நுட்பக் காரணத்தோடு போட்டால்தான் செல்லும். வெளியீட்டு வாக்கெடுப்பில் வீட்டோ, அதாவது ஒரே வாக்கால் தடுக்கும் உரிமை, கிடையாது: திட்ட மேலாண்மைக் குழுவினரிடமிருந்து குறைந்தது மூன்று +1 (ஆதரவு வாக்கு) வர வேண்டும், அவர்கள் போட்ட -1-ஐ விட +1 அதிகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்பது புரிகிறது. பெரிய பிழையைக் காட்டி ஒரு -1 வந்தால், வெளியீட்டைக் கவனிப்பவர் பெரும்பாலும் தானாகவே வாக்கெடுப்பை நிறுத்தி, திருத்திவிட்டு மறுபடி தொடங்குவார். அது அவர் எடுக்கும் முடிவு, நல்ல முடிவும்கூட. ஆனால் இதையே விதி என்று சொன்னால், புதிதாக வரும் தன்னார்வலர்கள் ‘நம்மால் எல்லாம் நின்றுவிடுமோ’ என்று பயந்து, கண்ட பிழையைக்கூடச் சொல்லாமல் போய்விடுவார்கள்.

சரிபார்ப்பது சுலபம். அப்பாச்சி அறக்கட்டளையின் தளத்தில் வாக்களிப்பு முறையை விளக்கும் பக்கத்தில் வெளியீடுகள் பற்றிய பகுதியைப் படியுங்கள். அப்புறம் உங்களுக்குப் பிடித்த திட்டத்தின் பழைய வாக்கெடுப்புகளையும் பாருங்கள், அவை பொதுவில்தான் இருக்கின்றன.