தூக்க வேண்டாம், உருட்டுங்கள்

ஜெயநகர் மழையில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரக்கட்டையை "நாலு பேர் பிடித்தால் குட்டி யானையில் (டாடா ஏஸ் சிறு சரக்கு வண்டியில்) ஏற்றிவிடலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு, இடுப்பு போய்விடும். இரண்டடி குறுக்களவு, ஆறடி நீளம் என்றால் அரை கன மீட்டருக்கு மேல். பச்சை மரம், 400 கிலோவுக்குக் குறையாது. இரண்டு கட்டை ஏற்றினாலே வண்டிக்கு ஓவர்லோடு.

வண்டியின் மேல் சரிவாக இரண்டு கனமான பலகை சாய்த்து, இரண்டு கயிற்றை வண்டியில் கட்டுங்கள். கட்டைக்கு அடியில் விட்டு, மேலாகச் சுற்றி, வண்டிக்கு மறுபுறம் நின்று இழுங்கள். கட்டையே கப்பி மாதிரி உருளும், நேராக இழுப்பதில் பாதி பலம் போதும். உருளும்போது பின்னால் முட்டு வைத்துக்கொண்டே வரவேண்டும், ஆனால் பக்கவாட்டில் நின்றுதான். கட்டைக்குக் கீழே சரிவில் யாரும் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்க்கும் அண்ணன்மார் உட்பட.