கூடப் பிறந்தவளுக்குத் தெரியும்

குற்றக் கதைகளை நான் விரும்பிப் படிப்பேன் என்பது இங்கே பலருக்குத் தெரியும். சின்ன வயதில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைகளில் அப்பா வாங்கித் தந்த மாத நாவல்களில் தொடங்கிய பழக்கம், இன்னும் விடவில்லை. கதை எவ்வளவு இருண்டதாக இருந்தாலும், பிணத்தையும் ரத்தத்தையும் தாண்டிப் படித்துவிடுவேன். அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று வந்துவிட்டால் மட்டும் அன்றைக்குத் தூக்கம் போய்விடும்.

துப்பறிகிறவருக்குக் கைரேகை வேண்டும், சாட்சி வேண்டும், 200 பக்கம் வேண்டும். அக்காவுக்கு அதெல்லாம் தேவையில்லை. எப்போதும் செருப்பை உதறிவிட்டு ஓடி வருகிற தம்பி ஒருநாள் அதை ஒழுங்காக ஓரமாக வைத்தாலே போதும், என்னவோ நடந்திருக்கிறது என்று புரிந்துவிடும். அதனால் யார் செய்தது என்ற கேள்வியில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. தெரிந்துகொண்டவள் என்ன செய்கிறாள் என்பதைத்தான் நான் தேடிப் படிக்கிறேன்.

இது என் வீட்டில் நடந்ததால் சொல்கிறேன். செந்தூலில் பிளாட் வீட்டில் இருந்தோம். எனக்கு 15 வயது, இரண்டு தம்பிகள். அரிசி டின்னுக்குள் அம்மா வைத்திருந்த சீட்டுப் பணம் 300 வெள்ளி காணாமல் போனது. எடுத்தது சின்னவன். அன்று ராத்திரி யாரும் சொல்லாமலே அவன் எல்லாருக்கும் பாய் விரித்தான். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த வாரம் முழுக்கப் புதுச் சப்பாத்து கேட்டு அடம்பிடித்தது பெரியவன். சந்தேகம் அவன்மேல் விழுந்தது. அப்பா பெல்ட்டை எடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

சின்னவனைக் காப்பாற்றினேன் என்றுதான் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. பெரியவன் படிப்பில் கெட்டிக்காரன். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அவனுடைய ரிப்போர்ட் கார்டைத்தான் எடுத்துக் காட்டுவார். என்னுடையது அலமாரிக்குள்ளேயே கிடக்கும். அவனுக்கு அடி விழுந்தபோது உள்ளூர எனக்கு வயிறு குளிர்ந்தது. இதை எழுத எனக்கு 40 வயது தாண்ட வேண்டியிருந்தது. சின்னவன்மேல் இருந்த பாசமும் பெரியவன்மேல் இருந்த பொறாமையும் அந்த ஒரே மௌனத்துக்குள் இருந்தன.

நம் மொழிக்கு இது நன்றாகவே தெரியும். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்கிறோம். சொத்து என்று வந்தால் அதே தம்பியைப் பங்காளி என்கிறோம். பங்காளி என்றால் உறவு, பங்காளி என்றால் பகை, இரண்டுக்கும் ஒரே சொல்.

1974இல் வந்த ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்தை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் இதற்காகத்தான். அண்ணன் தான் இருக்கும்போது தம்பி மைக்கேல் மாஃபியா குடும்பத்துக்குத் தலைவனாகிவிட்டானே என்ற குமைச்சல் ஃப்ரெடோவுக்கு. காட்டிக்கொடுக்கிறான். மைக்கேல் உடனே கொல்வதில்லை, அம்மா கண்மூடும்வரை காத்திருக்கிறான். அப்புறம் ஏரியில் படகு, தூண்டில், மீன் சிக்குவதற்காக ஃப்ரெடோ முணுமுணுக்கும் ஜெபம், ஒரு வெடிச் சத்தம். அம்மா இருக்கும்வரை என்று ஒரு கணக்கு வைத்திருந்தானே, அதுதான் எனக்கு அந்தக் கொலையைவிடப் பயமாக இருக்கிறது.

நிஜத்தில் நடந்த ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை தபாலில் அனுப்பியும் நேரில் கொண்டுபோய் வைத்தும் குண்டுகளால் மூன்று பேரைக் கொன்றவனைப் போலீஸ் பிடிக்க முடியாமல் திணறியது. 1995இல் அவனுடைய நீண்ட அறிக்கை வாஷிங்டன் போஸ்ட் இதழில் வெளிவந்தது. டேவிட் கசின்ஸ்கி என்பவரின் மனைவிதான் முதலில் சந்தேகப்பட்டார். டேவிட் படித்துப் பார்த்தார், அண்ணன் டெட்டின் சொற்கள். சொல்லவும் செய்தார். அடுத்த ஆண்டு அண்ணன் கைதானார். அதன்பின் அவருக்கு மரண தண்டனை கூடாது என்று போராடியதும் அதே தம்பிதான். 2023இல் சாகும்வரை அண்ணன் அவரோடு பேசவில்லை.

நம் மலேசியச் சட்டத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. குற்றவியல் சட்டத்தின் 212ஆவது பிரிவு, குற்றவாளியை ஒளித்துவைப்பவரைத் தண்டிக்கிறது. கணவனுக்கும் மனைவிக்கும் அதில் விலக்கு உண்டு. அக்காவுக்கும் அண்ணனுக்கும் கிடையாது. இதைப் படித்த அன்று, இதுவே ஒரு நாவலுக்குப் போதுமே என்று தோன்றியது.

கம்பன் இதைத் தொட்டுவிட்டான். அண்ணன் செய்தது தவறு என்று கும்பகர்ணனுக்கும் தெரியும், வீடணனுக்கும் தெரியும். போர்க்களத்தில் வீடணன் வந்து கூப்பிடுகிறான், இவன் போக மறுக்கிறான். அந்தப் பேச்சில் இருக்கிற பாரத்தை விட்டுவிட்டு, இருவரில் யார் உயர்ந்தவர் என்று பட்டிமன்றம் போட்டுக் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அந்தப் பெயர்களோடு வளர்ந்தவர்கள் நாம். 2015இல் ‘ஜகாட்’ படம் வந்தபோது, ஒரே குடும்பத்து ஆண்கள் ஆளுக்கொரு வழியில் சிதறுவதையும், அதை ஒரு 12 வயதுப் பையன் பார்த்துக்கொண்டே வளர்வதையும் கண்டு தியேட்டரிலேயே அழுதேன். அது நம் கதை. ஆனால் பொதுவாக நம் குற்றக் கதைகளில் அக்கா எங்கே இருக்கிறாள்? பலாய் (போலீஸ் நிலையம்) வாசலில் அழுகிறாள். இல்லையென்றால் தம்பி பழிவாங்கக் காரணமாகச் செத்துப்போகிறாள். வீட்டிலேயே அதிகம் தெரிந்தவள் அவள். யார் எப்போது பொய் சொன்னான் என்று அவளுக்குத்தான் தெரியும். அவளுக்கும் பொறாமை உண்டு, கணக்கு உண்டு. எழுதுகிற நண்பர்கள் அவளுக்கு அந்தப் பொறாமையையும் கொடுங்கள். அவளை நல்லவளாக வைத்தே தீரவேண்டும் என்று நினைக்காதீர்கள்.

போன தீபாவளிக்குப் பெரியவன் கிள்ளானிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். செய்யாத தப்புக்கு வாங்கிய அடி என்று தன் மகனிடம் அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னான். சின்னவன் முறுக்கைக் கடித்தபடி தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் தேத்தண்ணி கலக்கப் போகிறேன் என்று அடுப்படிக்கு எழுந்து போய்விட்டேன்.