பாக்மன் பெயர் தோல்வியால் வந்ததல்ல

அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங், ரிச்சர்ட் பாக்மன் என்ற புனைபெயரிலும் எழுதினார். "புத்தகம் ஓடாததால்தான் கிங் பாக்மன் ஆனார்" என்பது தலைகீழ். முதல் பாக்மன் நாவல் வெளிவந்தது 1977இல். அதற்குள் கிங்கின் முதல் நாவலான 'கேரி'யின் மலிவுப்பதிப்பு உரிமை மட்டுமே 4 லட்சம் டாலருக்குப் போயிருந்தது. அதில் பாதி அவருக்கு. மனிதர் எழுதிக் குவித்தார், பதிப்பாளர்களோ ஆண்டுக்கு ஒன்று போதும் என்றார்கள். அதனால்தான் இரண்டாவது பெயர். அப்புறம், விற்பது எழுத்தா பெயரா என்று பார்க்கும் ஆசையும் இருந்தது.

1985இல் குட்டு உடைந்தது. வாஷிங்டன் புத்தகக் கடை ஊழியர் ஒருவர், பாக்மனின் நடையில் சந்தேகப்பட்டு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பதிப்புரிமைப் பதிவுகளைப் புரட்டினார். ஒன்றில் கிங்கின் பெயரே இருந்தது! அதுவரை 28,000 பிரதி விற்றிருந்த பாக்மன் நாவல் 'தின்னர்', பிறகு அதைப்போல் பத்து மடங்கு விற்றது.