என்ட்ரி போடலைன்னா வேலையே செய்யலைன்னு அர்த்தமா?

நேத்து சுகாதாரத் துறை ரிவ்யூ மீட்டிங்ல நடந்ததைத்தான் சொல்றேன். கர்ப்பிணிகள், குழந்தைகள் விவரம் பதியற அரசு வெப்சைட்டான பிக்மியில என்ட்ரி பெண்டிங்னு, ஐம்பது வயசு தாண்டின ஒரு வி.எச்.என். அம்மாவை, அதாவது கிராம சுகாதார நர்ஸை, எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சாங்களே, அதேதான். அந்தச் செய்திக்குக் கீழ "வேலை செய்யலைன்னா கேக்கத்தான் செய்வாங்க"ன்னு கமெண்ட் எழுதுறீங்க. என்ட்ரி இல்லைன்னா வேலையே நடக்கலைன்னு எப்படிங்க முடிவு பண்ணீங்க?

எனக்கு ரெண்டாவது பிரசவம் ஆகி ஏழாம் நாள். காலையிலேர்ந்து தலை பிளக்குது. தூக்கம் இல்லாததுதான்னு அம்மா சுக்கு இழைச்சுப் பத்து போட்டாங்க. குழந்தையைப் பாக்க வந்த எங்க ஊர் வி.எச்.என். நர்ஸம்மா என் முகத்தைப் பாத்துட்டு, "கண்ணு மங்கலாத் தெரியுதா பாப்பா?"ன்னாங்க. பிரஷர் 160/110, ஆபத்தான அளவு. பிரசவத்துக்கு அப்புறமும் ஆறு வாரம் வரைக்கும் இப்படிப் பிரஷர் ஏறலாம்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். 108-ஐக் கூப்பிட்டு, கூடவே ஏறி வந்தாங்க. அன்னிக்கு அவங்க போக வேண்டிய மூணு வீடு பெண்டிங். என் வீட்டுக்கு வந்ததுக்கு ஒரே ஒரு டிக். உங்க கணக்குப்படி எங்க நர்ஸம்மாவும் எழுந்து நிக்க வேண்டியவங்கதான்.

"அளக்காம எப்படி நிர்வாகம் பண்றது?" நியாயமான கேள்வி. தமிழ்நாட்டுல 99 சதவீதத்துக்கு மேல ஆஸ்பத்திரிப் பிரசவம். 2018-20 கணக்குல லட்சம் பிறப்புக்குத் தாய் மரணம் 54, இந்தியாவுக்கு 97. ஒரு கர்ப்பிணி விடாம பேர் எழுதினதுக்கும் இதுல பங்கு உண்டு, மறுக்கலை. ஆனா எத்தனைன்னு எண்ணுறதும், எப்படிப் பாத்தாங்கன்னு அளக்குறதும் ஒண்ணா? இரும்புச்சத்து மாத்திரை குடுத்தாச்சுன்னு பதியறீங்க. அவ முழுங்கினாளா, குமட்டுதுன்னு அப்படியே வெச்சிருக்காளான்னு யார் பாத்தீங்க? பிரஷர் பாத்தாச்சு சரி, மெஷின் ஒழுங்கா வேலை செய்யுதா?

"சோம்பேறித்தனம்"னு எழுதினவருக்குப் பதில் சொல்லவே மனசில்ல. ஊர் ஊரா வெயில்ல ஒரு வாரம் அவங்க பின்னாடி போய்ட்டு வந்து பேசுங்க.

எண்ணுங்க, வேணாங்கலை. பெத்தவளையும் கேளுங்க. அரசு தர்ற மகப்பேறு உதவித்தொகைத் தவணை வந்துச்சான்னு என்னைக் கேட்டாங்க, தடுப்பூசித் தேதி கேட்டாங்க. மரியாதையா நடத்தினாங்களா, சொன்னது புரிஞ்சுதா, பயந்தப்ப பக்கத்துல யாராவது இருந்தாங்களான்னு ரெண்டு பிரசவத்துலயும் ஒரு ஆள் கேக்கலை. கேட்டிருந்தா நர்ஸம்மா பேரை முதல்ல சொல்லியிருப்பேன். முதல் பிரசவத்துல, வலி தாங்காம கத்தினதுக்கு லேபர் வார்டுல என்னை என்ன பேச்சு பேசினாங்கன்னும் சொல்லியிருப்பேன். இன்னிக்கு நினைச்சாலும் உடம்பு கூசுது. அந்தப் பிரசவம் ரிஜிஸ்டர்ல "நார்மல், தாயும் சேயும் நலம்"னுதான் இருக்கு.