வார்டு சராசரியில் காணாமல் போகும் தெரு

ஆற்றோர மக்களின் வெள்ள ஆபத்தை மதிப்பிடுகிறேன் என்று வரைபடத்தில் வார்டுக்கு ஒரு நிறம் பூசித் தருகிறார்கள். சென்னையின் அடையாற்றுக்கு இது உதவாது. சைதாப்பேட்டையில் கரையை ஒட்டிய ஓட்டு வீடும் மூன்றாவது மாடி ஃபிளாட்டும் ஒரே வார்டில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் சராசரி போட்டால் மஞ்சள், அதாவது நடுத்தர ஆபத்து என்று வரும். ஓட்டு வீட்டுக்காரர் அந்த மஞ்சளை வைத்து என்ன செய்வார்?

கணக்கை வாசற்படியிலிருந்து தொடங்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளம் எதுவரை ஏறியது என்பதைத் தெருவுக்கு நாலு வீட்டிலாவது கேட்டுச் சுவரில் குறியுங்கள். அந்தக் குறிக்கும் வீட்டுத் தரைக்கும் உள்ள உயர வித்தியாசத்தை அளக்கக் கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய குழாயான டியூப் லெவலே போதும். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். ஒரு தெருவின் குறியை அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தெருவுக்கு அப்படியே கொண்டுபோகவும் கூடாது. ஓடும் வெள்ளத்தின் மேல்மட்டம் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ரோட்டிலிருந்து எடுத்த பழைய அளவையும் நம்ப வேண்டாம். சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் ரோடு உயர்ந்து, வீடுகள் பள்ளத்தில் கிடக்கின்றன.

கரை உடைந்தால்தான் வெள்ளம் என்பதும் தவறு. ஆற்றில் மட்டம் ஏறினால், கதவில்லாத மழைநீர் வடிகால் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி வந்து முதலில் தெருவுக்குள் கொப்பளிக்கும். ஆகவே வடிகால் வாய்களையும் வரைபடத்தில் குறித்தாக வேண்டும்.

எச்சரிக்கை கிடைக்கும் நேரமும் கணக்கில் சேரும். 2015 வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்ததையே எல்லோரும் பேசுகிறார்கள். ஆதனூர், மணிமங்கலம் ஏரிகள் கலங்கல் (உபரிநீர் வழியும் தடுப்பு) வழியாகத் தாமே வழிந்து அடையாற்றில் சேர்வதற்கு யார் தண்டோரா போடுவது?

பிறகுதான் ஆட்கள். படுத்த படுக்கையாக இருப்பவர், டயாலிசிஸ் நோயாளி, இரவில் தனியாக இருக்கும் முதியவர், ரேஷன் கார்டு வேறு முகவரியில் உள்ள வாடகைக் குடும்பம். மிக்ஜாம் புயலுக்குக் கொடுத்த 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது; கார்டு இல்லாதவர் தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் போட்டுக் கூட்டாதீர்கள். தரை வெள்ளக் குறிக்குக் கீழே இருந்து, நடக்க முடியாத ஒருவரும் உள்ளே இருந்தால், மற்றவை எப்படி இருந்தாலும் அந்த வீடு முதல் பட்டியல்தான். சொந்த வீடு, நல்ல வருமானம் என்று அட்டவணையின் வேறு பத்திகளில் வாங்கும் மதிப்பெண் இந்த ஆபத்தை ஈடுகட்டாது.

இடம் மாற்றினால் ஆபத்து தீர்ந்தது என்று கோப்பை மூடுவதும் எனக்கு உடன்பாடில்லை. அடையாற்றங்கரையிலிருந்து பலரைக் கொண்டுபோன பெரும்பாக்கம், பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம். அங்கேயும் இதே அளவெடுப்பு தேவை. வாடகைக் குடும்பங்கள் மாறிக்கொண்டே இருப்பதால், ஆட்கள் பட்டியலை ஆண்டுதோறும் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், புதிதாக எடுக்க வேண்டும்.