‘நான் முதல்வன்’ சான்றிதழுக்கு அரசு வேலையா?

‘நான் முதல்வன் சான்றிதழ் இருந்தால் தேர்வே இல்லாமல் அரசு வேலை, இந்த லிங்க்கில் பணம் கட்டிப் பதியுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

2022 மார்ச் 1-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் மாணவர்களின் திறன் பயிற்சிக்கானது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்துகிறது. பொறியியல், கலை அறிவியல் மாணவர்களுக்குப் பட்டப்படிப்போடு சேர்த்தே இந்தப் பாடங்கள் வருகின்றன. கல்லூரி மூலமாகத்தான் பதிவு. எவருடைய ஜிபே எண்ணுக்கும் அங்கே வேலையில்லை. கேம்பஸ் இன்டர்வியூவில் சான்றிதழ் கைகொடுக்கலாம், சரி. ஆனால் குரூப் 4 பணிக்குக்கூட டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதியே ஆகவேண்டும்.

சந்தேகமிருந்தால் திட்டத்தின் அரசு இணையதளத்தைப் பாருங்கள், முகவரி tn.gov.in என்று முடிகிறதா என்பதையும் கவனியுங்கள். கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலரிடமும் கேட்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.