உள்வாங்கிய முலைக்காம்பு: பரவும் தகவலும் உண்மையும்

“முலைக்காம்பு உள்வாங்கியிருந்தால் அது புற்றுநோய், வலி இல்லையென்றால் கவலை வேண்டாம்” என்று வாட்ஸ்அப்பில் பரவும் தகவலின் இரு பகுதிகளுமே தவறானவை.

பருவ வயது முதலே காம்பு உள்ளடங்கியிருப்பது பல பெண்களுக்கு இயல்பான உடலமைப்பு. குழந்தை காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவளையத்தையும் சேர்த்தே கவ்வுவதால், இவர்களில் பலரால் பாலூட்டவும் முடியும். கவனிக்க வேண்டியது மாற்றத்தைத்தான். இதுவரை வெளியே இருந்த காம்பு, குறிப்பாக ஒரு பக்கம் மட்டும், புதிதாக உள்ளிழுக்கப்பட்டு விரலால் இழுத்தும் வெளிவராவிட்டால், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பால்குழாய் விரிவு, அழற்சி போன்ற புற்றுநோய் அல்லாத காரணங்களும் இருக்கக்கூடும். எது காரணம் என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். காம்பிலிருந்து தானாகக் கசியும் இரத்தம் கலந்த நீர், தோலில் குழிவு, அக்குளில் கட்டி, களிம்பு பூசியும் ஆறாத காம்புப் புண் (படை என்றெண்ணிப் பலர் தள்ளிப்போடுவது இதைத்தான்) ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்; ஆண்களுக்கும்தான். தொடக்கநிலைப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதால், வலியின்மையை நம்பிக் காத்திருக்கலாகாது.

இவ்வறிகுறிகளில் பலவற்றை உலக சுகாதார நிறுவனத்தின் மார்பகப் புற்றுநோய்ப் பக்கத்தில் சரிபார்க்கலாம். அரசு மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்டினால், தேவைக்கேற்ப ஸ்கேன் அல்லது மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கச் சொல்வார்கள். அந்தத் தகவல் உங்களுக்கு வந்திருந்தால், அருள்கூர்ந்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.